பதினோராவது கட்டம்

அக்டோபர் 1, சனி

கிறிஸ்மஸ் கேரல் பயிற்சி முதல் நாள். மாலை ஐந்து மணி, கோயிலை ஒட்டிய ஹாலில். வந்தவர்கள்:

சோப்ரானோ: பியூலா, மெர்லின், ஜாஸ்மின் டீச்சர், நேசமணி.
ஆல்ட்டோ: வயலட் அக்கா, நான்.
டெனர்: ஆசீர், ஜோதி அண்ணன்.
பேஸ்: தேவசகாயம் சார், பொன்சேகர்.
கீபோர்டு: ஷெரின்.
புது மாஸ்டர் கிங்ஸ்லி.

ஆக மொத்தம் பன்னிரண்டு பேர். யாரும் பிந்தவில்லை. வருகைப் பதிவு நோட்டிலும் எழுதிவிட்டேன். பதினான்கு வருடமாக அந்த நோட்டு என் பொறுப்பு, நான் வந்த நாள் ஒன்றையும் எழுதாமல் விட்டதில்லை.

பழைய மாஸ்டர் எதையும் கண்டுகொள்ளாமல் கண்ணை மூடிக் கேட்பார். இவர் கண்ணைத் திறந்து வைத்துக் கேட்கிறார். மெழுகுவர்த்தி ஏற்றும்போது வருடாவருடம் பாடுவோமே, அந்தப் பாட்டைத்தான் முதலில் எடுத்தார். "எங்கள் வாசல் திறந்ததே" என்று வரும் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"இந்த இடத்துல பாட்டு அழுவுது. சந்தோஷமா இருக்க வேண்டிய இடம். ஆல்ட்டோல யாரோ கீழ இறங்குதீங்க. யாரு?"

கேட்டதற்குப் பதில் சொன்னேன். அதோடு அது முடிந்தது.

வயலட் அக்கா ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். கால்வலியாக இருக்கும். நான் நடந்து வந்தேன்.

இரவுக்கு இரண்டு தோசை. மாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 2, ஞாயிறு

நற்கருணை ஆராதனை. எங்கள் பெஞ்சில் நான் மட்டும். வயலட் அக்கா அதிகாலை ஆராதனைக்கே வந்து போய்விட்டார்களாம்.

அக்டோபர் 8, சனி

நாலே முக்காலுக்குத் தண்ணீர்த் தொட்டி முக்கில் நின்றேன். சனிக்கிழமை அங்கே சேர்ந்து நடப்பதுதான் எங்கள் வழக்கம். யார் முதலில் வந்தாலும் மற்றவர் வரும்வரை நிற்க வேண்டும். ஐந்து மணி அடித்த பிறகு போனேன். என்னால் அல்லவா இன்றைக்குப் பயிற்சி பிந்தியது.

வந்தவர்கள் பதினொரு பேர். வராதவர் ஒருவர்.

நேசமணிதான் சொன்னாள். "வயலட் அக்கா வேலூருக்கு மக வீட்டுக்குப் போயிட்டாங்களே. ஒங்களுக்குத் தெரியாதா எப்சிபா அக்கா? ஒங்ககிட்ட சொல்லாம மூச்சுகூட விடமாட்டாங்களே."

"சொன்னாங்க, சொன்னாங்க" என்றேன்.

மாஸ்டர் என்னைத் தனியாகப் பாடச் சொன்னார். முதல் வரியிலேயே மெர்லின் பாடும் ராகத்துக்குத் தாவிவிட்டேன். ஆல்ட்டோ என்றால் பெண்களில் தாழ்ந்த குரல். ராகத்துக்குக் கீழே நின்று தாங்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் நின்றால் எனக்கு அது வரும். அக்காவின் விரல் என் மணிக்கட்டில் எண்ணிக்கை தட்டும், குரல் என் வலது காதில் விழும். இன்றைக்கு வலது பக்கத்தில் ஜன்னல்தான்.

"நோட்டேஷன் வாசிப்பீங்களா அக்கா?"

"கொஞ்சம்."

"அப்போ ஒண்ணு செய்வோம். டிசம்பர் முதல் சனிக்குள்ள ஆல்ட்டோ தனியா நின்னுதுன்னா நாலு குரல். நிக்கலேன்னா ஆல்ட்டோவ எடுத்துட்டு மூணு குரலாப் பாடிக்கிடுவோம். நீங்க சோப்ரானோ பக்கம் நின்னுக்கிடுங்க. லேசா வாயசைச்சாப் போதும்."

மரியாதையாகத்தான் சொன்னார். வாயசைப்பதற்கு ஒரு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

கொஞ்சம் என்று சொன்னது பொய். எனக்கு ஒன்றுமே தெரியாது. தாளில் எழுத்தை மட்டும்தான் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலே இருக்கிற கோடும் புள்ளியும் பார்டர் மாதிரி. ஜெபத்தில் இந்தப் பொய்யை அறிக்கை செய்தேன். வேறு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அக்டோபர் 10, திங்கள்

ஹால் அலமாரியில் அங்கிகளுக்கு அடியில் ஒரு மெல்லிய புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் நாலு பக்கமும் இல்லை. தமிழ்தான். சண்டே ஸ்கூல் வினாவிடை மாதிரி கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று போகிறது. எனக்கு இது ஒத்துவரும். தையலும் அப்படித்தான் ஒரு புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவளுக்குப் புத்தகம்தான் டீச்சர். திட்டாது, அதுதான் அதில் விசேஷம்.

சிலிண்டர் இன்று மாற்றினேன். போனது எழுபத்தொரு நாள் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்தபோது முப்பத்தெட்டைத் தாண்டாது.

அக்டோபர் 12, புதன்

படித்தவை:

ஐந்து கோடு, நாலு இடைவெளி. கோட்டின் மேலும் நிற்கலாம், இடைவெளியிலும் நிற்கலாம். நிற்கும் இடத்தைப் பொறுத்து ஸ்வரத்தின் பெயர். கோட்டுக்கு ஈ, ஜி, பி, டி, எஃப். இடைவெளிக்கு எஃப், ஏ, சி, ஈ.

காம்பு வைத்த கறுப்புப் புள்ளி கிராச்செட். ஒரு எண்ணிக்கை. காம்பு வைத்த வெள்ளை மினிம். இரண்டு. காம்பில்லாத வெள்ளை செமிபிரீவ். நாலு. குறுக்குக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பார். நான் கட்டம் என்றே எழுதிக்கொள்கிறேன். எங்கள் பாட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு எண்ணிக்கை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதைப் படித்தபோது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிற காரியம் உலகத்தில் கொஞ்சம்தான்.

சாப்பாட்டு மேஜையில் சாக்பீஸால் ஐந்து கோடு போட்டேன். கறுப்புக்குப் புளியங்கொட்டை. வெள்ளைக்கு அவர்கள் சட்டைகளிலிருந்து எடுத்து வைத்த பொத்தான், டப்பாவில் நாற்பத்தாறு இருக்கிறது. மேஜையின் இந்தப் பக்கம் ஒரு தட்டு வைக்க இடம் விட்டிருக்கிறேன். போதும்.

அக்டோபர் 16, ஞாயிறு

மத்தியானம் ஓசூரிலிருந்து ஜெபின் பேசினான். சுருதி பார்க்க வீட்டில் பெட்டி ஒன்றும் இல்லையே, என்ன செய்ய என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"ஆல்ட்டோ பாடம் படிக்கேன். டிசம்பர்ல மாஸ்டர் கேப்பாரு."

"அம்பத்தெட்டு வயசுல பரீட்சையா? பெயிலாப் போனா என்னைக் கூட்டிட்டு வரச் சொல்வாரோ?"

"நீ வாரதா இருந்தா பெயிலாப் போயிடுதேன்."

சிரித்தான். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்கிறது கஷ்டம் என்றான். பிறகு செல்போனில் பியானோ வருகிற மாதிரி ஏதோ இறக்கச் சொல்லி, எங்கெங்கே அமுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொரு கட்டையிலும் எழுத்து போட்டிருக்கிறது. கட்டை சின்னது, என் விரல் பெரியது. ஒன்றை அமுக்கினால் இரண்டு பேசுகிறது. தீக்குச்சியின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தேன், அதற்கு அது மசியவில்லை. சுண்டுவிரலால் மெதுவாகத் தொட்டால் சரி.

"வயலட் ஆன்ட்டி எப்படி இருக்காங்க?" என்றான்.

"நல்லா இருக்காங்க" என்றேன். வேலூரில் நன்றாகத்தான் இருப்பார்கள்.

அக்டோபர் 19, புதன்

ஒன்பது நாள் உழைப்பு வீண்.

ஆல்ட்டோ வரியைப் போனில் தட்டினால் பாட்டாகவே வரவில்லை. பாட்டியம்மா முனகுகிற மாதிரி வந்தது. சரி, எனக்கு நெட்டுருவாகத் தெரிந்த மேல் ராகத்தையே பார்ப்போம் என்று சோப்ரானோ வரிக்குக் கொட்டைகளை அடுக்கினேன். முதல் நாலு ஸ்வரமும் மேலே ஏற வேண்டும். தாளிலும் படிப்படியாக ஏறுகிறது. நான் தட்டினால் இறங்குகிறது.

நான் மேலிருந்து எண்ணியிருக்கிறேன். கோடு போட்ட நோட்டில் முதல் வரி மேலே இருப்பதுதானே. வீட்டுக் கணக்கானாலும் வருகைப் பதிவானாலும் மேலிருந்துதான் எழுதுவோம். இங்கே முதல் கோடு அடியில் இருக்கிறது. கிழிந்துபோன நாலு பக்கத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள்.

எனக்கே சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் இதைச் சொல்ல ஆள் தேடினேன். வயலட் அக்காவாக இருந்தால், "ஏட்டி எப்ஸி, தலைகீழா நின்னு பாடியிருந்தா சரியா வந்திருக்கும்லா" என்று சொல்லியிருப்பார்கள். நிச்சயம் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மேஜையை அழித்துவிட்டு அடியிலிருந்து ஆரம்பித்தேன்.

அக்டோபர் 22, சனி

வந்தவர்கள் பதினொன்று. முதல் எட்டுக் கட்டம் தனியாகப் பாடினேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதது நல்லது என்று ஷெரின் சொன்னாள்.

தண்ணீர்த் தொட்டி முக்கில் ஐந்து நிமிஷம்தான் நின்றேன்.

அக்டோபர் 27, வியாழன்

இன்றைய பாடம், ஓய்வு. பாடாமல் இருக்க வேண்டிய இடத்துக்கும் குறி இருக்கிறது. கோட்டின் மேல் உட்கார்ந்த குட்டிக் கறுப்புக் கட்டை என்றால் இரண்டு எண்ணிக்கை சும்மா இருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே தொங்கினால் நாலு.

கேள்வி: ஓய்வின்போது பாடகர் என்ன செய்ய வேண்டும்? பதில்: எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வீட்டை ஐந்து கோட்டில் எழுதினால் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கட்டைதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

பால் அரை லிட்டரைக் கால் லிட்டராகக் குறைக்கச் சொன்னேன். சாயங்காலம் காப்பி குடிக்க வருகிற ஆள் இல்லை.

நவம்பர் 3, வியாழன்

வேலூருக்குப் போன் செய்தேன். போன மாதம் ஐந்து தடவை செய்ததில் மணி அடித்து ஓய்ந்தது. இன்றைக்கு அக்காவின் மகள் ஸ்டெல்லா எடுத்தாள்.

"ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? அம்மா தூங்குதாங்க."

"சரிம்மா, எந்திச்சதும் சொல்லு."

"சொல்லுதேன் ஆன்ட்டி."

காலை பதினொரு மணி. பின்னால் குக்கர் சத்தமும், "ரெண்டு விசில் போதும், எறக்கு" என்று ஒரு குரலும் கேட்டது. ஆல்ட்டோ குரல். ஆயிரம் பேர் நடுவிலும் எனக்குத் தெரியும்.

நவம்பர் 5, சனி

வந்தவர்கள் பத்து. ஜாஸ்மின் டீச்சருக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிற வேலை.

பத்தாவது கட்டம்வரை மாஸ்டர் தலையாட்டினார். பதினொன்றில் கையைத் தூக்கினார்.

"அங்கதான் அக்கா. இன்னும் அழுவுது. தாளைப் பாருங்க, தாள் சரியாத்தான் சொல்லுது."

எல்லோரும் போன பிறகு அலமாரியைத் திறந்து வயலட் அக்காவின் பைலை எடுத்துக் கொடுத்தார். "ஒங்க ஜெராக்ஸ் மங்கலா இருக்கு. இது தெளிவான பிரதி. அவங்க வர்ற வரைக்கும் நீங்க வச்சிக்கிடுங்க."

நீல நிறப் பைல். மூலையில் குளிருக்குச் சாப்பிடுகிற மிட்டாய்க் காகிதம் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்துவிட்டேன். அடுத்தவர் பைலைக் கேட்காமல் திறப்பது சரியில்லை.

நவம்பர் 9, புதன்

மங்கலான என் தாளிலேயே பதினோராவது கட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அரிசியில் கல் பார்க்க வாங்கியது.

வாசல் என்ற வார்த்தையின் தொடக்கத்தில் அந்த ஸ்வரம் இருக்கிறது. வெள்ளை, இரண்டு எண்ணிக்கை. ஐந்து கோட்டுக்கும் கீழே, அதற்கென்று தனியாகப் போட்ட ஒரு சின்னக் கோட்டின்மேல் நிற்கிறது. அதன் பெயர் சி. எங்கள் பாட்டில் அவ்வளவு கீழே வேறு எதுவும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு குறி. இரண்டு கோடு நிமிர்ந்தும் இரண்டு கோடு குறுக்கேயும், பின்னாமல் விட்ட கட்டில் சட்டம் மாதிரி.

கேள்வி: ஷார்ப் என்பது யாது? பதில்: ஸ்வரத்தை அரைப் பங்கு மேலே உயர்த்தும் குறி.

போனில் பார்த்தேன். சி வெள்ளைக் கட்டை. அரைப் பங்கு மேலே என்றால் பக்கத்துக் கறுப்புக் கட்டை. கறுப்பைத் தொட்டு, அடுத்ததாக டியைத் தொட்டேன். கதவு திறக்கிற மாதிரி இருந்தது. அந்த இடத்தில் நான் அப்படிப் பாடினதே இல்லை. வெள்ளையைத் தொட்டேன். அதுதான் நாங்கள் பாடுவது. அதுதான் அழுகிறது.

ஆக, தாள் ஒன்று சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் வேறொன்று பாடியிருக்கிறோம். வயலட் அக்காவைப் பார்த்துத்தானே நான் பாடினேன். அப்படியானால் தப்பு அவர்களுடையது என்று அன்றைக்குச் சொன்னது

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 10, வியாழன்

பைலைத் திறந்தேன். பார்க்காமல் பாடத்தை முடிக்க முடியாது, அதனால்.

தெளிவான பிரதி. பதினோராவது கட்டத்தில் அச்சிட்ட ஷார்ப். அதன்மேல் பென்சிலால் ஒரு குறி. சின்னச் சதுரம், ஒரு கால் மேலே நீட்டி, ஒரு கால் கீழே நீட்டி. ஓரத்தில் அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் இரண்டு வார்த்தை: "எப்ஸி கூட." பக்கத்தில் 2019.

மற்றப் பக்கங்களிலும் பென்சில் இருக்கிறது. மூச்சு எடுக்க வேண்டிய இடம், ஒவ்வொரு கட்டத்துக்கும் எண்ணிக்கை, ஸ்வரத்தின் பெயர். எல்லாம் சரியாக இருக்கிறது. நான் ஒரு மாதமாகப் புளியங்கொட்டை வைத்துக் கண்டுபிடித்ததெல்லாம் இங்கே எழுதியிருக்கிறது. அக்காவுக்கு வாசிக்கத் தெரியும். என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

சதுரத்துக்கு மட்டும் அர்த்தம் தெரியவில்லை.

நவம்பர் 14, திங்கள்

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம்.

கேள்வி: நேச்சுரல் என்பது யாது? பதில்: முன்னிட்ட ஷார்ப்பை ரத்து செய்து, ஸ்வரத்தைப் பழைய தாழ்ந்த நிலைக்கே கொண்டுவரும் குறி.

படமும் போட்டிருக்கிறார்கள். அதே சதுரம்.

2019 அக்டோபர் இருபதில் ஜெபினின் அப்பா காலமானார்கள். டிசம்பர் இரண்டாவது சனி நான் பயிற்சிக்குப் போனேன். வீட்டில் உட்கார முடியாமல் போனேன். அன்றைக்கு என்ன பாடினேன், எப்படிப் பாடினேன் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. என் மணிக்கட்டில் விரல் இருந்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது தெரிகிறது. அந்த இடத்தில் என் குரல் ஏறவில்லை. அக்கா என்னைத் திருத்தவில்லை. என்னைத் தனியாகத் தப்பவிடாமல், தானும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். மறந்துவிடக் கூடாது என்று பென்சிலால் குறித்தும் வைத்திருக்கிறார்கள். 2019, 20, 21. மூன்று கிறிஸ்மஸ்.

அக்டோபர் 1ஆம் தேதிக் குறிப்பில் ஒரு இடத்தை நான் சரியாக எழுதவில்லை. யாரு என்று மாஸ்டர் கேட்டபோது நான் சொன்னது இது:

"நான் வயலட் அக்கா பின்னாலதான் மாஸ்டர் பாடுவேன். அவங்க எறங்குனா நானும் எறங்குவேன். அவங்ககிட்ட கேளுங்க."

மெர்லின் சிரித்தாள். பொன்சேகர், "முன்னால போற வண்டி பள்ளத்துல எறங்குனா பின்னால போற வண்டி என்ன செய்யும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா என்னைப் பார்த்தார்கள். பைலை மூடினார்கள். "சரி மாஸ்டர், திருத்திக்கிடுதேன்" என்றார்கள். அவ்வளவுதான்.

நான் உண்மையென்று நம்பித்தான் சொன்னேன் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை. பின்னால் பாடுகிறவளுக்கு எப்போதும் ஒரு இமை நேரம் பிந்தும். பாட்டு முழுக்க எனக்குத்தான் பிந்தும். அந்த வாசல் என்ற இடத்தில் மட்டும் பிந்துவது அக்கா. நான் வாய் திறந்த பிறகுதான் அவர்கள் திறப்பார்கள். இதை நான் கவனித்திருக்கிறேன். புது மாஸ்டர் முன்னால் முதல் நாளே பெயர் கெட வேண்டாம் என்று நினைத்தேன்.

நவம்பர் 15, செவ்வாய்

சமைக்கவில்லை. துணி காயவில்லை. மழை.

நவம்பர் 19, சனி

வந்தவர்கள் பத்து. தேவசகாயம் சாருக்குக் கால் வீக்கம்.

பதினோராவது கட்டத்தில் கறுப்புக் கட்டையைப் பிடித்தேன். பாதி நேரம்தான் நின்றது. மாஸ்டர் கட்டை விரலைக் காட்டினார். எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சார் இல்லாததால் சொல்லவில்லை. அன்றைக்குக் கேட்டவர்கள் அத்தனை பேரும் இருக்கும்போது சொல்வதுதானே சரி?

நவம்பர் 26, சனி

வந்தவர்கள் பத்து. சார் இன்றும் வரவில்லை. இன்றும் சொல்லவில்லை. சாரின் கால் எனக்கு நன்றாக உதவுகிறது.

நவம்பர் 30, புதன்

மேஜையில் பொத்தானும் கொட்டையும் இனி வேண்டாம். பார்த்தவுடன் வாய்க்கு வருகிறது. அவர்கள் பொத்தான்களை எண்ணி டப்பாவில் போட்டேன். நாற்பத்தைந்து. ஒன்றைக் கட்டிலடியில் கண்டுபிடித்தேன்.

ஒரு அழிப்பானும் வாங்கினேன். அக்காவின் பைலைத் திறந்து பென்சில் குறிமேல் வைத்தேன். அழிக்கவில்லை.

டிசம்பர் 3, சனி

வந்தவர்கள்: பியூலா, மெர்லின், ஜாஸ்மின் டீச்சர், நேசமணி, நான், ஆசீர், ஜோதி அண்ணன், பொன்சேகர், ஷெரின், மாஸ்டர். பத்து.

ஷெரின் ஒரே ஒரு ஸ்வரம் கொடுத்தாள். பதினாறு கட்டமும் தனியாகப் பாடினேன். ஓய்வில் எண்ணினேன். பதினொன்றில் ஏற வேண்டிய இடத்தில் ஏறினேன். இரண்டு எண்ணிக்கையும் நின்றது.

"நாலு குரல்தான்" என்றார் மாஸ்டர். "அக்கா, யார்கிட்ட படிச்சீங்க?"

"மேஜைகிட்ட."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லாவிட்டால் இனி சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. சாருக்குக் காத்திருப்பது சாக்கு.

"அக்டோபர் ஒண்ணாம் தேதி நான் வயலட் அக்காவச் சொன்னது பொய். எறங்குனது நான். மூணு வருஷமா எறங்குனேன். நான் தனியாத் தெரியக் கூடாதுன்னு அவங்க என்கூட எறங்குனாங்க. அவங்களுக்கு இந்தத் தாள் நல்லா வாசிக்கத் தெரியும்."

பைலைத் திறந்து மாஸ்டரிடம் காட்டினேன். அவர் பென்சில் குறியைப் பார்த்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தார். பொன்சேகர் தலையைச் சொறிந்தான். "அந்த வண்டி, பள்ளம்னு நான் வேற பேசினேன், அத்தை" என்றான். "நீ பேசினதும் என் கணக்குலதான் வரும்" என்றேன். மெர்லின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கேட்கவில்லை.

பிறகு நாலு குரலும் சேர்த்துப் பாடினோம். பதினோராவது கட்டம் அழவில்லை. நன்றாக இருந்தது. வலது பக்கம் ஜன்னல்.

டிசம்பர் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து தேவசகாயம் சார் வீட்டுக்குப் போனேன். காலை முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். நேற்றுச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"இதைச் சொல்லதுக்கா இந்த மழையில நடந்து வந்த? எனக்கு அன்னைக்கு யாரு என்ன சொன்னான்னே ஞாபகம் இல்லயேம்மா."

"பதிவுல நீங்க இருக்கீங்க சார்."

"வயலட்டுக்குச் சொல்லிட்டியா?" என்றார்.

"போன் எடுக்க மாட்டாங்க."

"எழுதத் தெரியும்லா ஒனக்கு."

டிசம்பர் 5, திங்கள்

இன்று காலை பத்தரைக்குத் தபால் ஆபீசில் சேர்த்தேன். நகல்:

அன்புள்ள வயலட் அக்காவுக்கு, எப்சிபா எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம். ஸ்டெல்லாவும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன்.

உங்கள் பைலைத் திறந்து பார்த்துவிட்டேன். கேட்காமல் திறந்தது ஒரு தப்பு. அக்டோபர் ஒன்றாம் தேதி எல்லோர் முன்னாலும் உங்களைக் கைகாட்டியது பெரிய தப்பு. அது எனக்கு அன்றைக்கே தெரியும். 2019 என்றும் என் பெயரும் நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். சதுரத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நாலு நாள் ஆயிற்று.

அன்றைக்கு ஹாலில் பன்னிரண்டு பேர். என்னைக் கழித்தால் பதினொன்று. பத்துப் பேரிடம் நான் சொன்னது பொய் என்று சொல்லியாயிற்று. சாரிடம் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். பதினோராவது ஆள் நீங்கள். என்னை மன்னியுங்கள் அக்கா.

கேரல் ஆராதனை 18ஆம் தேதி ஞாயிறு மாலை ஆறரை. ஆல்ட்டோவை நான் தனியாகப் பாட மாஸ்டர் சம்மதித்துவிட்டார். அதனால் ஆள் குறைகிறது என்று உங்களைக் கூப்பிடவில்லை. வாசல் என்ற இடத்தில் ஷார்ப் எனக்கு இப்போது வருகிறது. நீங்கள் இனி எனக்காக இறங்க வேண்டியதில்லை. பென்சில் குறியை நான் அழிக்கவில்லை. அது உங்களுடையது, நீங்கள் வந்து என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள்.

கோட்டை மேலிருந்து எண்ணி ஒன்பது நாள் தலைகீழாகப் படித்தேன். அதை நேரில் சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நாலே முக்காலுக்குத் தொட்டி முக்கில் நிற்கிறேன். வருவீர்களா, மாட்டீர்களா? மாட்டேன் என்றாலும் அதை எழுதிவிடுங்கள். பதினெட்டாம் தேதிக்கு முன்னால் கிடைக்கும்படி, தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.